ஆக்‌ஷன் அக்காவின் வேலைச்சொற்கள்

"பெண்ட்" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்ததும் அவள் இடுப்பை மடித்துக் குனிந்தாள். "ஸ்ட்ரெட்ச்" என்றதும் நிமிர்ந்து இரண்டு கைகளையும் உயர்த்தி விறைப்பாக நின்றாள். ஒரு கையில் கரண்டி இருந்தது. மூன்றாவதாக "டிப்" என்று வந்தபோது சுற்றுமுற்றும் பார்த்தாள். தோய்க்க வேறு எதுவும் அகப்படாததால் கரண்டியைக் குடிதண்ணீர்க் குடத்திலேயே முக்கி எடுத்தாள்.

"ஐயோ அண்ணி, அது குடிக்கற தண்ணி!"

"அதை வார்த்தை குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்க்கக் கிளம்பினாள். குடம் நிறைய இருந்ததால் அதைத் தூக்கவில்லை, சாய்த்தாள். தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

வயது நாற்பத்து நான்கு. கைகழுவும் தொட்டி, குழாய், தரை ஓடுகள் என்று குளியலறைச் சாமான்கள் வந்து குவியும் ஒரு குடோனில் பன்னிரண்டு வருடமாகப் பெட்டி சுமந்தவள். அங்கே அவளுக்கு ஆக்‌ஷன் அக்கா என்று பட்டம். யாராவது ஒரு வேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் போதும், அவர்கள் பேசி முடிப்பதற்குள் அக்கா அதைச் செய்து முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருப்பாள். சில சமயம் செய்யவே வேண்டாம் என்று சொல்ல வந்த வேலையாகவும் அது இருந்துவிடும். அப்படித்தான் ஒருமுறை இருபது பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கினாள், பிறகு அதே இருபதையும் திரும்ப ஏற்றினாள்.

அந்தக் குடோனில் ஏழெட்டு மொழிக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு அரையும் குறையுமாகத்தான் புரியும். அதனால் மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியில் ஆங்கிலம்தான் பேசுவார். அதுவும் தலையையும் வாலையும் நறுக்கிவிட்டு நடுத்துண்டு மட்டும்: லிஃப்ட், புஷ், ஸ்டாக், கிளியர். யார் செய்ய வேண்டும், எதற்காக என்ற பேச்சே கிடையாது. மேலேயிருந்து ஒரு வினைச்சொல் விழும், கீழே யாராவது அதைச் செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அந்த 'யாராவது' பெரும்பாலும் அக்காதான். இடுப்பில் செருகியிருக்கும் கருவியிலிருந்து சொற்களைக் கேட்டுக்கொள்வதோடு சரி, பதிலுக்கு அவள் அதில் வாயைத் திறந்ததில்லை.

இவற்றுக்கெல்லாம் அவள் வைத்த பெயர் வேலைச்சொல். வாத்தியார் அவளுடைய நாத்தனார். ஒரு பல் மருத்துவமனையில் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க இங்கிலீஷில் நாள் குறித்துக் கொடுப்பவள், அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்கள் வருடக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போனார்கள். இருவரும் சேர்ந்துகொண்டு வீட்டிலிருக்கும் ஒரே ஆண்பிள்ளையான அக்காவின் கணவரை ஒரு வழி பண்ணுவதுதான் நடக்கிறது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே நாத்தனார் அன்றைய மூன்று வேலைச்சொற்களைக் கொடுத்துவிட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று.

"தமிழ்ல அர்த்தம் சொல்லாத. செஞ்சு காட்டு."

அதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் நாத்தனார் பொறுப்பாகத் தமிழில்தான் சொல்லிக் கொடுத்தாள். லிஃப்ட் என்றால் தூக்கு. கேரி என்றால் தூக்கிக்கொண்டு போ. பிக் என்றாலும் தூக்கு, ரெய்ஸ் என்றாலும் தூக்கு. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே ஒரு தூக்குக்கு இத்தனை வார்த்தை எதுக்கு? பொழுதுபோகலையா அவங்களுக்கு?" என்று கேட்டாள். பிறகு ஒரு பெட்டியை வைத்து நாத்தனார் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். அக்கா கூடவே செய்தாள். நான்காவது முறை செய்து முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்ப புரிஞ்சிடுச்சு. லிஃப்ட் முதுகுல இருக்கு. கேரி முழங்கால்ல. பிக் வெரல்ல. ரெய்ஸ் தோள்பட்டையோட சரி. ஒவ்வொண்ணும் வலிக்கற எடமே வேற."

இந்த அகராதியை மிஞ்ச நாத்தனாரிடம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் அக்கா உடம்பில் ஓர் இடம் ஒதுக்கினாள். சீ, லுக், வாட்ச் மூன்றும் 'பார்'தான் என்று எந்தப் புத்தகமும் சொல்லும். அக்கா சொல்வது வேறு. கண் திறந்திருந்தால் தானாக நடப்பது சீ. கழுத்தைத் திருப்பினால் லுக். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நகராமல் நிற்கிறோமே, அது வாட்ச். இதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

ரன் என்ற சொல்லில்தான் ஒருநாள் தகராறு வந்தது. ஓடுவது என்று எண்ணி அவள் கூடத்தை இரண்டு சுற்று சுற்றி மூச்சிரைக்க நின்றாள். "தண்ணிக் குழாயும் ரன் ஆகும் அண்ணி, மிஷினும் ரன் ஆகும், எங்க ஆஸ்பத்திரியைக்கூட டாக்டர் ரன் பண்றார்னுதான் சொல்வோம்" என்றாள் நாத்தனார். நின்ற இடத்திலேயே நிற்கும் ஆஸ்பத்திரி எப்படி ஓடும் என்று அக்கா மல்லுக்கு நின்றாள். சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி உள்ளே வந்த கணவர்தான் சமாதானம் சொன்னார்.

"தமிழ்ல மட்டும் என்னவாம்? கடை ஓடுது, கடிகாரம் ஓடுது, குடும்பம் ஓடுதுன்னு சொல்றதில்லையா?"

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "குடும்பம் ஓடுதுன்னா, அங்க நெஜமாவே ஓடறது நான். அது சரியான பேச்சுதான்" என்று ஒப்புக்கொண்டாள். கணவர் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

திங்க் என்ற சொல்லை மட்டும் அவள் வாங்க மறுத்துவிட்டாள். நாத்தனார் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து நடித்துக் காட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள், விட்டத்தைப் பார்த்தாள். அக்கா அசரவில்லை. "சும்மா உக்காந்திருக்கறதெல்லாம் வேலைன்னு சொல்லாத. வேற குடு" என்று கையை நீட்டினாள்.

இத்தனை பாடும் வெறும் ஆசைக்காக இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தொட்டிப் பெட்டியோடு நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். குடோனிலோ தூக்காதவளுக்கு வேலை இல்லை. ஒரே வழி, இரண்டு இரும்புக் கைகளால் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இருக்கை. அதற்கு வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து சோதனை வைப்பார். வாக்கி டாக்கியில் இங்கிலீஷில் சொல்வார், வண்டியால் செய்து காட்ட வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் வருத்தத்தோடு சொன்னார். அவருக்கும் அக்காவை விட மனமில்லை. அதுவரை பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் கால்மணி நேரம் வண்டியைக் கொடுத்தார். பழைய ஓட்டுநர் வேற்றுமொழிக்காரர், பேசாமல் கையாலேயே சைகை காட்டி அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரே மாதத்தில் அக்கா சந்து பொந்தெல்லாம் வண்டியைத் திருப்பினாள். சொற்களை வீட்டிலும் வண்டியைக் குடோனிலும் தனித்தனியாகப் படித்தவளுக்கு, இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று தோன்றவேயில்லை.

முதல் சோதனைக்கு வந்த பரிசோதகர் ஒல்லியான மனிதர். காதிடுக்கில் பென்சில், கையில் அட்டை, மார்பில் தொங்கும் வாக்கி டாக்கி. சிரிப்பைச் சேமித்து வைப்பவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அக்கா சாமி கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"லிஃப்ட்" என்றது கருவி.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது, தோள்கள் எழும்பின. பெட்டி தரையிலேயே இருந்தது.

"டில்ட் பேக்" என்றார் அவர். பெட்டி சரியாமலிருக்க இரும்புக் கைகளைப் பின்பக்கமாகச் சாய்க்கச் சொல்கிறார். அக்கா இருக்கையில் பின்னால் சாய்ந்தாள். அவர் குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னார். அக்கா இன்னும் நன்றாகச் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். "லோயர்! லோயர்!" என்று அவர் கத்தியபோது அக்காவின் தலை மடமடவென்று கீழே போய் வண்டிக்குள் மறைந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வண்டியில் ஆளே இல்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பதறிப்போய் ஓடிவந்து எட்டிப் பார்த்த பரிசோதகரை, அவள் முழங்காலில் முகத்தை வைத்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

குடோன் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏழெட்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் புரிந்த நகைச்சுவை அதற்கு முன்னால் அங்கே நடந்ததில்லை. "அக்கா, வண்டிதான் குனியணும், நீங்க இல்ல" என்றார் மேற்பார்வையாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். பரிசோதகர் அட்டையில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நாத்தனார் சிரித்துச் சிரித்துப் படியிலிருந்து இரண்டு படி சறுக்கினாள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிற மனுஷன், ஓட்டுவதைப் பற்றி யோசிக்கத் தெரிந்தவர்.

"ஒனக்கு வண்டி தெரியும். வார்த்தையும் தெரியும். வார்த்தை காதுல விழுந்ததும் நேரா ஒடம்புக்குப் போகுது, லீவருக்குப் போக மாட்டேங்குது. அவ்வளவுதான் கோளாறு" என்றார்.

"அதுக்கு என்ன பண்றது?"

"ஒரு வண்டி இருந்தா வீட்டுலயே பழகலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு கண்கள் தன் மேல் நிலைத்திருப்பதைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவர்தான் வண்டி. வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்ட வேண்டும். கைகளின் மேல் ஒரு தலையணை, தலையணையின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். பின்னால் நாற்காலியில் அக்கா. அவருடைய வலது காது ஏற்றி இறக்கும் லீவர், இடது காது சாய்க்கும் லீவர். படியில் உட்கார்ந்து நாத்தனார் சொற்களை வீசுவாள். அக்கா காதை மட்டும் அசைக்க வேண்டும், அவள் அசைந்தால் தோற்றாள். தோற்றால் அன்று பாத்திரம் கழுவுவது அவள், ஜெயித்தால் நாத்தனார். வண்டிக்கு எப்படியும் காது வலி.

முதல் வாரம் முழுக்க லிஃப்ட் என்றால் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்தே எழுந்தார்கள். தண்ணீர் பெரும்பாலும் வண்டியின் மடியில் கொட்டியது. "ஊரையே ஏத்தி எறக்கறவன் நான். வீட்டுக்கு வந்தா என்னை ஏத்தி எறக்கறாங்க" என்று அவர் புலம்பினார். இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு அம்மாள், கைநீட்டி உட்கார்ந்திருக்கும் கணவனையும் அவன் இரண்டு காதையும் பிடித்திருக்கும் மனைவியையும் பார்த்துவிட்டு, முறத்தோடு வந்த வழியே போய்விட்டாள். என்ன வேண்டுதலோ என்று நினைத்திருப்பாள்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அக்கா வழக்கமான நேரத்துக்கு நாற்காலிக்கு வரவில்லை. சமையலறைச் சுவரில் முதுகை ஒட்டி வைத்து நின்றுகொண்டிருந்தாள். சுவரின் குளிர்ச்சி வலிக்கு இதமாக இருக்கும்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா என்னங்க பண்றது?" என்றாள். "வேலை போயிடும்னு மட்டும் இல்ல. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. யாராவது ஒண்ணு சொன்னா செய்வேன். அது ஒண்ணுதான் நான். அதுவே இப்ப எனக்குத் தடையா நிக்குது."

அவள் பயந்து அவர் பார்த்ததில்லை. இப்போது வெளியூரில் படிக்கும் மகளைப் பெறப் பிரசவ அறைக்குப் போனபோதுகூட, வாசல் வரை அவருக்குத்தான் தைரியம் சொல்லிக்கொண்டு போனவள்.  அவர் நேரே கூடத்துக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையணையைத் தானே எடுத்துக் கைமேல் வைத்துக்கொண்டு, "வா, வந்து ஏறு. வண்டி சூடு ஆறிடப் போகுது" என்றார். அன்று அவள் ஒருமுறைகூட அசையவில்லை. நாத்தனார் பாத்திரம் கழுவினாள், அதுவும் முணுமுணுக்காமல்.

மூன்றாம் வாரத்தில் டம்ளரில் தண்ணீர் தளும்பவில்லை. நான்காம் வாரத்தில் நாத்தனார் சொற்களை மாற்றி மாற்றி, கத்தியும் கிசுகிசுத்தும், கொட்டாவியோடும் சொல்லிப் பார்த்தாள். அக்கா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள், விரல்கள் மட்டும் வேலை செய்தன. "காது ரெண்டும் கழண்டு வர்றதுக்குள்ள சோதனை வந்துடணும்" என்று வண்டி வேண்டிக்கொண்டது.

வந்தது. அதே பரிசோதகர், அதே அட்டை, அதே முகம். சாமான் ஏற்ற வந்தவர்கள் ஏற்றுவதை விட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். சிரிக்கத் தயாராகத்தான் நின்றார்கள், ஆனால் யாருக்கும் அவள் தோற்க வேண்டும் என்று இல்லை.

"லிஃப்ட்."

அக்கா அசையவில்லை. தொட்டிப் பெட்டிகள் அடுக்கிய மரத்தட்டு தரையை விட்டுக் கிளம்பியது. டில்ட் என்றதும் இரும்புக் கைகள் பின்சாய்ந்தன, அவள் முதுகு நேராகவே இருந்தது. டர்ன் என்றார், வண்டி திரும்பியது. ஃபார்வர்ட் என்றார், முன்னே நகர்ந்து அலமாரிக்கு எதிரே நின்றது. ரெய்ஸ் என்றபோது மரத்தட்டு அலமாரியின் மூன்றாம் அடுக்கு உயரத்துக்கு ஏறியது, மறுபடி ஃபார்வர்ட் என்றதும் அலமாரிக்குள் நுழைந்தது. லோயர் என்றபோது ஒரு சின்னச் சத்தத்தோடு பலகையில் உட்கார்ந்தது. மேற்பார்வையாளர் மூச்சு விட்டார். இனி இரும்புக் கைகளை உருவிக்கொண்டு பின்னால் வர வேண்டும், அதோடு சோதனை முடிந்தது.

மேலே பெட்டிகள் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகப் பரிசோதகர் தலையை அண்ணாந்தபடி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். சரியாகத் தெரியாததால் அலமாரியிலிருந்து இரண்டடி, மூன்றடி என்று தள்ளித் தள்ளி நின்று பார்த்தார். பார்த்ததை எழுத அட்டையில் தலையைக் குனிந்தார். எழுதிக்கொண்டே வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"ரிவர்ஸ்."

அக்கா கழுத்தைத் திருப்பினாள். வண்டியின் பின்பக்கத்துக்கும் அவர் சட்டைப் பொத்தானுக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருந்தது.

அவள் லீவரைத் தொடவில்லை. ஹாரனை அடித்தாள். குடோனில் நாளெல்லாம் ஹாரன் சத்தம்தான், அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரிவர்ஸ்!" என்றது கருவி, கொஞ்சம் எரிச்சலோடு. மூலையில் நின்ற மேற்பார்வையாளருக்குப் பின்பக்கம் தெரியவில்லை. வண்டி நிற்பது மட்டும் தெரிந்தது. "போச்சு" என்று நெற்றியில் கைவைத்தார். காதில் விழுந்த வேலையை அந்தக் கணமே செய்துவிடும் அக்கா, செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றவர்களுக்கும் முகம் விழுந்துவிட்டது.

"ரிவர்ஸ்! ரிவர்ஸ்!"

  அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தாள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அழுத்த வேண்டியிருந்தது.

"மூவ்" என்றாள்.

குடோனிலிருந்த எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்தக் குரல் ஒரே சமயத்தில் வந்தது. பரிசோதகர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தன் வயிற்றுக்கு எதிரே நின்ற இரும்பைப் பார்த்தார். பிறகு இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அவள் முகத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தார். நகர்ந்தபடியே காதிலிருந்த பென்சிலைத் தேடி, அது கையிலேயே இருப்பதைக் கண்டு, அட்டையில் ஒரு டிக் போட்டார்.

அக்காவுக்கு அந்த இரண்டடி போதவில்லை. வாக்கி டாக்கியை மடியில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று புறங்கையை வீசிக் காட்டினாள். அவர் இன்னும் இரண்டடி தள்ளி, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதும்தான், அவள் லீவரின் மேல் கையை வைத்தாள்.